அப்பாவைப் பூட்டிய அறை

அன்புள்ள அக்கா,

என் மகள் 9-ஆம் வகுப்பு. பள்ளிக் கபடி அணியில் ரெய்டர். விடுமுறையில் எல்லோரும் 'தங்கல்' பார்த்தோம். நானும் அவரும் அழுதுவிட்டோம். மறுநாளிலிருந்து அவர் காலை 5 மணிக்கு அவளை எழுப்பி ஓடவிடுகிறார். அவள் முகம் கொடுத்தே பேசுவதில்லை. பெண்களுக்குத் தன்னம்பிக்கை தரும் விளையாட்டுப் படங்கள் நான்கைந்து சொல்லுங்கள். 'பிகில்' காட்டலாமா?

கே., கரூர்

அன்புள்ள கே.,

'பிகில்' விஜய் படம். தாராளமாகக் காட்டுங்கள்.

எனக்கு உறுத்துவது 'தங்கல்'தான். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டி, பெண்கள் மல்யுத்தம், 55 கிலோ இறுதிச்சுற்று. படத்தின் நாயகி யாரை வைத்து எழுதப்பட்டாளோ அந்த நிஜ கீதா போகாட் ஆஸ்திரேலிய வீராங்கனையை 1-0, 7-0 என்று வீழ்த்தினார். இழுபறியே இல்லை. படத்திலோ கடைசி நொடிகள்வரை பின்தங்கித் தவிக்கிறாள். ஏன்? அப்பா தேவைப்பட வேண்டுமே! அவரை ஓர் அறையில் பூட்டிவைக்கிறார்கள், அதுவும் கற்பனை. சரி, இனியாவது இவள் தானாக ஜெயிப்பாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், சின்ன வயதில் தண்ணீரில் தள்ளிவிட்டு அப்பா சொன்னது ஞாபகம் வருகிறது. எப்போதும் அப்பா வந்து காப்பாற்ற முடியாது என்பதுதான் அந்தப் பாடம். அதையும் அப்பாதான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது!

கீதாவின் அப்பா மகாவீர் சிங் மகள்களுக்கு மல்யுத்தம் கற்றுக்கொடுத்தது உண்மை. ஹரியானாவில் அது சின்ன விஷயமில்லை. ஆனால் சுலபமாக ஜெயித்த ஒருத்தியைத் திணறவைத்து அப்பாவுக்குப் பங்கு பிரித்துக் கொடுப்பது என்ன நியாயம்? 'கனா'வில் கதாநாயகி கிரிக்கெட் மட்டையைத் தொடுவதே அப்பாவின் கண்ணீரைப் பார்த்துத்தான். குத்துச்சண்டைப் படமான 'இறுதிச்சுற்று' நாயகி ரித்திகா சிங் நிஜத்திலும் சண்டைக் கலை பயின்றவர். அவர் குத்தும்போது அவர் கதை தெரிகிறது. குத்தி முடித்ததும் பயிற்சியாளராக வரும் மாதவன் கதையாகிவிடுகிறது.

நான் பள்ளியில் கோகோ ஆடினேன். அப்பா ஒருநாளும் மைதானத்துக்கு வந்ததில்லை. அன்று அது பெரிய குறை. இப்போது நினைத்தால் வரம். எப்போது 'கோ' கொடுப்பது, எப்போது கம்பத்தைத் தாண்டித் திரும்புவது என்பதெல்லாம் என் முடிவு. தோற்றால் வீட்டில் யாருக்கும் தெரியாது. முட்டி சிராய்ப்புக்கு மஞ்சள் தடவும்போது அம்மா திட்டுவாள், அவ்வளவுதான். என் வாழ்க்கையில் என்னுடையது மட்டுமாக முதலில் இருந்தது அந்த ஆட்டம்.

உங்கள் மகளுக்கும் கபடி அப்படித்தான் இருந்திருக்கும், ஒரு படம் பார்த்து நீங்கள் இரண்டு பேரும் அழும்வரை. அவள் உங்களைக் கேட்டா ரெய்டர் ஆனாள்? ஏன் பேசவில்லை என்று அவளிடம் கேட்காமல் எனக்குக் கடிதம் எழுதுகிறீர்களே, அம்மா! உங்கள் வீட்டுக்காரர் தனியாக ஓடட்டும், தொப்பையாவது குறையும்.

நான்கைந்து படமெல்லாம் வேண்டாம். 2000-இல் கேரின் குசாமா எடுத்த 'கேர்ள்ஃபைட்' போதும். புரூக்ளினில் ஒரு பெண். அவள் அப்பா குத்துச்சண்டைக்குக் காசு கொடுப்பது மகனுக்கு. ஆசை இருப்பது மகளுக்கு. யாரும் தள்ளிவிடாமல் அவளே போய் நிற்கிறாள். கெட்ட வார்த்தைகள் உண்டு, முதலில் நீங்கள் பாருங்கள். அவரைக் கூப்பிட வேண்டாம்.