வாசகர் கேள்வி பதில்: வந்து கேட்பவர்களும் சேர்ந்ததுதான் அரங்கு

சின்ன ஊரில் இசை அரங்கு நடத்துகிறவர்கள், அங்கே வாசிக்கிறவர்கள், தவறாமல் வந்து கேட்கிறவர்கள் என்று இந்த முறை நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். நானும் பல வருடங்கள் அப்படி ஓர் அரங்கில் நாற்காலி போட்டு, மைக் வயர் சுற்றி, கடைசியில் கதவைப் பூட்டிவிட்டு வந்தவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் அரங்கில் நூறு பேர் உட்காரலாம். மதியம் ஒத்திகை பார்த்தால் ஒரே எதிரொலி, பாட்டின் வரிகள் புரியவே புரியாது. ராத்திரி ஆள் நிறைந்ததும் அதே மைக், அதே ஸ்பீக்கர், ஆனால் எல்லாம் தெளிந்துவிடுகிறது. இது என் பிரமையா?

பதில்: பிரமை இல்லை, உங்கள் காது சொல்வது உண்மை. வந்து உட்காருகிற ஒவ்வொருவரும் அந்த ஒலியைத் திருத்துகிறார்கள். மனித உடம்பும் அதன் மேலிருக்கும் துணியும் ஒலியை நன்றாக உறிஞ்சும்.

இதைக் கணக்காகக் கண்டுபிடித்தவர் வாலஸ் சபைன். 1895-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில், பேசிய ஒரு சொல் அடங்க ஐந்தரை விநாடி ஆனது. அதற்குள் அடுத்த பல சொற்கள் வந்து விழுந்துவிடும், யாருக்கு என்ன புரியும்? சரிசெய்யச் சொல்லி இளம் இயற்பியல் ஆசிரியரான சபைனிடம் விட்டார்கள். அவர் பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து அடுக்கி, ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்தி, ஒலி அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று இரவு இரவாக அளந்தார். இடம் பெரிதாக ஆக ஒலி அடங்க நேரமாகும், உறிஞ்சும் பரப்பு கூடக் கூட நேரம் குறையும் என்ற விதி அப்படித்தான் கிடைத்தது. 1900-ல் திறந்த பாஸ்டன் சிம்ஃபனி ஹால் அவருடைய கணக்கை வைத்துக் கட்டப்பட்டது.

உங்கள் அரங்குக்கே போட்டுப் பாருங்கள். 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், நாலரை மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் 432 கன மீட்டர். அதை 0.161 ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சும் பரப்பால் (ஒலியை முழுதாக விழுங்கும் எவ்வளவு பரப்புக்குச் சமம் என்ற கணக்கு) வகுத்தால் ஒலி அடங்கும் நேரம் விநாடியில் வரும். காலியான, வெறும் சுவர் அரங்கில் அந்தப் பரப்பு 25 சதுர மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 2.8 விநாடி. ஓர் ஆள் சுமார் 0.45 சதுர மீட்டர் அளவுக்கு உறிஞ்சுவார், நூறு பேர் வந்தால் 45 கூடுகிறது, நேரம் ஒரு விநாடிக்கு வந்துவிடுகிறது. மைக் வைத்துப் பாடும் சின்ன அரங்குக்கு அந்த ஒரு விநாடி நல்ல அளவு.

கூட்டம் குறைந்த நாட்களுக்காக, தடிமனான திரைத்துணியை மடிப்பு மடிப்பாக, சுவரை ஒட்டாமல் பத்து சென்டிமீட்டர் தள்ளித் தொங்கவிடுங்கள். முக்கியமாக மேடைக்கு எதிர்ச் சுவரில். முட்டை அட்டை ஒட்டினால் போதும் என்று யாராவது சொல்வார்கள், நம்பாதீர்கள், அது மேல் சுருதி ஒலிகளைக் கொஞ்சம் தொடும், அவ்வளவுதான், தீப்பிடிக்கும் ஆபத்துதான் மிச்சம்.

கேள்வி: போன மாதம் வந்த பாடகிக்கு முன்னால் இருபத்து மூன்று பேர்தான் இருந்தார்கள். எண்பது பேர் வந்த இடம் இது. குழுவில் பாதிப் பேர் மூடிவிடலாம் என்கிறார்கள். நான் செயலாளர், எனக்கு மனசு வரவில்லை.

பதில்: மூடாதீர்கள். இதை யோசித்துத்தான் சொல்கிறேன்.

முதலில் நாற்காலிகளைக் குறையுங்கள். எண்பது நாற்காலி போட்டால் இருபத்து மூன்று பேரும் பின்னால் போய்ச் சிதறி உட்காருவார்கள், பாடகி காலி நாற்காலிகளைப் பார்த்துப் பாட வேண்டும். முப்பது போடுங்கள், அரைவட்டமாக, நெருக்கமாக. மேடையை விட்டுவிட்டு அவரைக் கீழே தரையிலேயே நின்று பாடச் சொல்லுங்கள். மைக்கே வேண்டியிருக்காது. அதே இருபத்து மூன்று பேர் அப்போது நிறைந்த சபை. அந்த நெருக்கத்தைப் பெரிய அரங்குகள் எவ்வளவு செலவு செய்தாலும் தர முடியாது. பாடகர் மூச்சு இழுக்கிற சத்தம், தந்தியில் விரல் உரசுகிற சத்தம் எல்லாம் கேட்கும். வருகிற கலைஞரிடம் எத்தனை பேர் எதிர்பார்க்கலாம் என்பதை முன்கூட்டியே நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். எண்பது என்று சொல்லிவிட்டு இருபத்து மூன்று பேர் வந்தால்தான் அவருக்கு வலிக்கும்.

அடுத்தது நாள். நிகழ்ச்சி எப்போது என்று ஒவ்வொரு முறையும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தால் ஆள் வரமாட்டார்கள். மாதத்தின் இரண்டாவது சனி என்றால் இரண்டாவது சனிதான். யார் பாடுகிறார்கள் என்று தெரியாமலேயே, இன்றைக்கு அரங்கில் ஏதோ இருக்கும் என்று கிளம்பி வருகிற பழக்கம் ஊருக்கு வர வேண்டும். அதற்கு ஒரு வருடமாவது பிடிக்கும், அந்த ஒரு வருடத்தைத் தாங்குவதுதான் உங்கள் குழுவின் உண்மையான வேலை.

அப்புறம் முதல் இருபது நிமிடத்தை உள்ளூர்க்காரர்களுக்குக் கொடுங்கள். கிட்டார் கற்றுக்கொள்ளும் பையன், அலுவலகம் முடிந்து கூடிப் பாடும் ஐந்து பேர், யாராக இருந்தாலும் சரி, ஒழுங்காக ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். அவர்களுடைய வீட்டார் வருவார்கள், அவர்களில் சிலர் தங்கி முக்கியக் கலைஞரையும் கேட்பார்கள், அதில் ஓரிருவர் அடுத்த மாதம் தாமாகவே வருவார்கள். அரங்கு வளர்வது இப்படித்தான்.

வேலையையும் பகிருங்கள். நாற்காலி எடுத்துப் போட்டவர், டிக்கெட் கிழித்தவர், விளக்கு பார்த்தவர் எல்லோருக்கும் அது தன் அரங்காகிவிடுகிறது. பிரான்சின் தென்மேற்கில் மார்சியாக் என்று ஓர் ஊர், ஆயிரத்துச் சொச்சம் பேர்தான் இருக்கிறார்கள். அங்கே 1978 முதல் கோடைதோறும் ஜாஸ் விழா நடக்கிறது, உலகத்தின் பெரிய வாத்தியக்காரர்கள் போகிறார்கள். அதைத் தாங்குவது நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள்.

இன்னொன்று, நிகழ்ச்சி முடிந்ததும் விளக்கை அணைக்க அவசரப்படாதீர்கள். நான் ஆரம்பத்தில் அந்தத் தவறைத்தான் செய்தேன், கடைசிப் பாட்டு முடிந்த பத்தாவது நிமிடம் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்பேன். ஒரு நாள் ஒரு பெரியவர், "தம்பி, நான் இங்கே வருவதே அப்புறம் நாலு பேரிடம் பேசுவதற்குத்தான்" என்றார். அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் சும்மா விட்டேன். புதிதாகச் சேர்ந்த இரண்டு குழுக்கள் அந்த முக்கால் மணியில்தான் உருவாயின.

கேள்வி: வீட்டில் நல்ல ஹெட்ஃபோன் இருக்கிறது, எந்தப் பாட்டும் கிடைக்கிறது. எதற்காக வெளியே போய்க் கேட்க வேண்டும்?

பதில்: ஹெட்ஃபோனில் கேளுங்கள், நானும் கேட்கிறேன். ஆனால் கூடிப் பாடும்போது உடம்பில் நடக்கும் ஒன்று தனியாகக் கேட்கும்போது நடப்பதில்லை. ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் சேர்ந்து பாடுகிறவர்களின் இதயத் துடிப்பை அளந்து வெளியிட்டார்கள். பாட்டின் வரிகள் மூச்சை ஒழுங்குபடுத்துகின்றன, மூச்சோடு சேர்ந்து துடிப்பின் வேகமும் பாடுகிறவர்கள் எல்லோருக்கும் ஒன்றாகவே ஏறி இறங்குகிறது. ஒரு முறை போய்ப் பல்லவியைக் கூடச் சேர்ந்து பாடிப் பாருங்கள்.

கேள்வி: மைக்கை ஏற்றினால் "கீய்ங்" என்று அலறுகிறது, இறக்கினால் பாடுவது கேட்கவில்லை. சவுண்ட்காரர் இல்லாத அரங்கு எங்களுடையது.

பதில்: ஸ்பீக்கரில் வரும் ஒலி திரும்ப மைக்கில் நுழைகிறது, பெருகி மறுபடி ஸ்பீக்கருக்குப் போகிறது, அந்தச் சுழற்சிதான் அலறல். டென்மார்க் இயற்பியலாளர் பெயரால் இதை லார்சன் விளைவு என்பார்கள். ஸ்பீக்கர்கள் எப்போதும் மைக்குகளுக்கு முன்னால், ரசிகர்கள் பக்கமாக இருக்கட்டும். பாடுகிறவரை மைக்குக்கு அருகில் வரச் சொல்லுங்கள். 20 சென்டிமீட்டரிலிருந்து 10-க்கு வந்தாலே 6 டெசிபல் (ஒலி அளவின் அலகு) கூடக் கிடைக்கும், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் கருவியில் கை வைக்க வேண்டாம். யாரும் பயன்படுத்தாத மைக்குகளை அணைத்துவையுங்கள், வேலை செய்யும் மைக்குகள் இரண்டு மடங்கானால், அலறாமல் ஒலியை ஏற்ற இருக்கும் இடத்தில் 3 டெசிபல் போய்விடும். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கிறவர்களிடம் அன்பாகச் சொல்லுங்கள், அது மைக்குக்குப் பின்பக்க ஒலியையும் வாங்கவைத்துவிடும்.

கேள்வி: போன வாரம் நிகழ்ச்சிக்குப் போய்வந்து இரண்டு நாள் காதில் ரீங்காரம். குழந்தையையும் கூட்டிப்போயிருந்தேன். பயமாக இருக்கிறது.

பதில்: ரீங்காரம் இன்னும் இருந்தாலோ, கேட்பது மந்தமாக இருந்தாலோ காது மருத்துவரிடம் உடனே போங்கள், குழந்தைக்கும் காட்டுங்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்குகிற காதுக்கு, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது. 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் இசை அரங்குகளுக்கென்றே ஒரு தரத்தை வெளியிட்டது: எந்த 15 நிமிடத்தை எடுத்தாலும் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, அளவைக் கருவி வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், காது அடைப்பான் கிடைக்க வேண்டும், காதுக்கு ஓய்வு தர அமைதியான ஓர் இடம் இருக்க வேண்டும். சின்ன அரங்கில் ஸ்பீக்கருக்கும் முதல் வரிசைக்கும் இடைவெளி கம்மி, அதனால் இது நமக்குத்தான் அதிகம் பொருந்தும். நடத்துகிறவர்கள் வாசலில் காது அடைப்பான் வைப்பதைத் தயவுசெய்து கட்டாயமாக்குங்கள். குழந்தைகளுக்குக் காதை முழுதும் மூடும் கவசம்தான் சரி.

கேள்வி: கூரை பழுது. ஒரு வருடம் அரங்கை மூட வேண்டும். நிகழ்ச்சிகளையும் நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையில் ஆல்ட்பரா என்ற சிற்றூரில் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனும் நண்பர்களும் 1948-ல் ஒரு விழா தொடங்கினார்கள். பக்கத்திலிருந்த ஸ்னேப் கிராமத்தின் பார்லியை முளைக்கவைத்து மால்ட் தயாரித்த பழைய கட்டடத்தைப் பெரிய அரங்காக மாற்றி 1967-ல் திறந்தார்கள். 1969-ல் விழாவின் முதல் ராத்திரியிலேயே அது எரிந்துபோனது. ஆனாலும் அந்த வருட விழா நடந்தது, மேடையேற இருந்த மோட்சார்ட்டின் ஆப்பராவை, அதாவது இசை நாடகத்தை, பிளித்பரா கிராமத்துத் தேவாலயத்துக்கு மாற்றி நடத்தினார்கள். அடுத்த வருடமே அரங்கு மறுபடி திறந்தது. உங்களுக்கு ஒரு பள்ளிக்கூட வகுப்பறையோ, நூலகத்தின் மூலையோ போதும். அந்த இரண்டாவது சனியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அரங்கு இருபது வருடமாக இருக்கிறது. பக்கத்தில் புதிதாக வீடு கட்டி வந்தவர் சத்தம் என்று புகார் கொடுத்திருக்கிறார்.

பதில்: மாற்றத்தைக் கொண்டுவருகிறவரே அதன் விளைவைச் சமாளிக்க வேண்டும் என்ற கொள்கையை ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014-லும், இங்கிலாந்து 2018-லும் கட்டுமானத் திட்ட விதிகளில் சேர்த்தன. அங்கே, இருக்கிற அரங்குக்குப் பக்கத்தில் வீடு கட்டுகிறவர்தான் ஒலித்தடுப்பு செய்ய வேண்டும். உங்கள் பகுதியில் விதி எப்படி என்று உள்ளாட்சியில் கேளுங்கள். ஆனால் அதற்கு முன்னால் அவர் வீட்டுக்கு ஒரு நடை போய்வாருங்கள், அவருடைய படுக்கையறையில் நின்று கேளுங்கள். அவரைத் தூங்கவிடாதது பெரும்பாலும் பேஸ் என்கிற கனத்த அடி ஒலியாகத்தான் இருக்கும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர், அதைத் திரைத்துணியெல்லாம் நிறுத்தாது. பேஸைக் குறைப்பது, பெரிய ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து நகர்த்துவது, கதவிடுக்கை ரப்பரால் அடைப்பது, இவை உதவும். முடிகிற நேரத்தையும் அவருக்குச் சொல்லி, அதை மீறாதீர்கள்.

கேள்வி: லாபம் இல்லாத அரங்கு. கலைஞருக்குப் பணம் கொடுக்கத்தான் வேண்டுமா? மேடை கிடைப்பதே பெரிசில்லையா?

பதில்: கொடுக்கத்தான் வேண்டும். மின்சாரத்துக்குக் கொடுக்கிறீர்கள், வாடகை கொடுக்கிறீர்கள், பாடியவருக்கு மட்டும் ஏன் இல்லை? கொஞ்சமாக இருந்தாலும் முன்னாலேயே பேசி, அன்றைக்கே கையில் கொடுங்கள். பாட்டை எழுதியவருக்கும் உரிமை உண்டு. 1847-ல் பாரிஸில் ஒரு விடுதி அரங்கில் எர்னெஸ்ட் பூர்ஷே என்பவர் தன் பாட்டு மேடையில் ஒலிப்பதைக் கேட்டார். என் பாட்டுக்கு நீங்கள் பணம் தரவில்லை, நான் குடித்ததற்கு உங்களுக்கு நானும் பணம் தரமாட்டேன் என்று மறுத்தார். வழக்கு அவருக்குச் சாதகமாக முடிந்தது, 1851-ல் பாட்டெழுதுகிறவர்களுக்கான உரிமைச் சங்கம் பிறந்தது.

கேள்வி: எனக்குப் பதினாறு வயது. அடுத்த வாரம் முதல் தடவையாக மேடையில் பாடப்போகிறேன், இப்போதே கை நடுங்குகிறது.

பதில்: நடுங்கட்டும், மேடையேறிய பிறகும் நடுங்கும், முதல் பாட்டின் பாதியில் குறையும். அதனால் நன்றாகப் பழகிய, மெதுவான பாட்டை முதலில் வையுங்கள். முன்னாலேயே போய் அந்த இடத்தில் நின்று, மைக்கில் இரண்டு வரி பாடிப் பாருங்கள், உங்கள் குரல் உங்களுக்கே எப்படித் திரும்பி வருகிறது என்று பழகிவிடும். ஆள் நிறைந்ததும் அது மாறும், காரணம் முதல் பதிலில் இருக்கிறது. வரி மறந்தால் வாத்தியத்தை ஓடவிட்டு அடுத்த வரியில் சேர்ந்துகொள்ளுங்கள். பாட்டு முடிந்ததும் உடனே ஓடிவிடாதீர்கள், கைதட்டல் அடங்கும்வரை அங்கேயே நில்லுங்கள்.