எட்டில் ஒன்றைத் தள்ளினால் கர்ணம் வருமா?

அன்புள்ள ஐயா,

எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் மாமா ஒரு செய்தி போட்டிருந்தார். செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தை, அதாவது செங்கோணத்துக்கு எதிரே இருக்கும் பக்கத்தை, கண்டுபிடிக்க வர்க்கமும் வேண்டாம், வர்க்கமூலமும் வேண்டாம். நீளத்தை எட்டுப் பங்காக்கி ஒரு பங்கைத் தள்ளிவிட்டு, உயரத்தில் பாதியைச் சேர்த்தால் போதும். பழைய தமிழ்ப் பாட்டிலேயே இது இருக்கிறது. பிதாகரஸ் எல்லாம் அப்புறம் வந்தவர் என்று. நான் நீளம் 4, உயரம் 3 என்று போட்டுப் பார்த்தேன். மூன்றரையும் ஒன்றரையும் சேர்ந்து சரியாக 5. சிலிர்த்துவிட்டது. பத்தாம் வகுப்பில் இருக்கும் என் மகள் 1, 1 என்று போட்டாள். 1.375 வந்தது. 1.414 அல்லவா வர வேண்டும் என்கிறாள். அதைக் குழுவில் கேட்டதற்கு, "புத்தகத்தையே கட்டிக்கொண்டு அழு" என்று மாமா பதில் போட்டுவிட்டார். பிள்ளை முகம் வாடிப்போயிற்று. யார் சொல்வது சரி?

செ.

அன்புள்ள செ.,

மகள் சொல்வது சரி. அதை முதலில் அவளிடம் சொல்லிவிடுங்கள், மற்றதை மெதுவாகப் படிக்கலாம்.

இந்தச் செய்தி எனக்கும் ஆண்டுக்கு இரண்டு தடவையாவது வந்து சேர்கிறது. அனுப்புகிறவர்கள் எல்லோரும் நீங்கள் செய்ததைத்தான் செய்திருப்பார்கள். 4, 3 போட்டுப் பார்ப்பார்கள், 5 வரும். கொஞ்சம் சந்தேகப்பிராணி என்றால் 12, 5 போடுவார். பத்தரையும் இரண்டரையும் 13. அதுவும் சரி. இரண்டு கணக்கும் அச்சாகப் பொருந்திய பிறகு மூன்றாவதைப் போட யாருக்கும் தோன்றாது. உங்கள் மகளுக்குத் தோன்றியிருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்யும் இரண்டு முக்கோணங்களும் ஒத்துவருகின்றன, அவள் போட்டது மட்டும் ஏன் ஒத்துவரவில்லை? இதற்கான பதில் அவள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. நீளத்தை 1 என்றும் உயரத்தை த என்றும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாமாவின் விதிப்படி கர்ணம் 7/8 + த/2. பிதாகரஸ்படி கர்ணத்தின் வர்க்கம் 1 + த². முதலாவதை வர்க்கப்படுத்தி இரண்டாவதற்குச் சமமாக்கிப் பின்னங்களை ஒழித்தால், 48த² − 56த + 15 = 0 என்ற இருபடிச் சமன்பாடு நிற்கும். அதைக் காரணிப்படுத்தினால் (4த − 3)(12த − 5). ஆக, த என்பது 3/4 அல்லது 5/12. வேறு தீர்வு கிடையாது. உலகத்தில் உள்ள அத்தனை செங்கோண முக்கோணங்களிலும் இந்த இரண்டு வடிவங்களுக்கு மட்டும்தான் விதி துல்லியம். நாம் சோதிக்க எடுப்பதும் அந்த இரண்டைத்தான்! சமன்பாட்டைப் போட்டுப் பார்த்த அன்று நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

கோணமாகச் சொன்னால் முதல் வடிவத்தில் சரிவு ஏறக்குறைய 36.9 டிகிரி, இரண்டாவதில் 22.6 டிகிரி. இந்த இரண்டுக்கும் நடுவில் எந்தச் சரிவை எடுத்தாலும் விதி கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், ஆனால் அந்தக் கூடுதல் எங்கேயும் நூற்றுக்கு 0.8 பங்கைத் தாண்டாது. கர்ணம் பத்தடி என்றால் ஒரு அங்குலத்துக்கும் குறைவு. வெளியே போனால் குறைத்துக் காட்டத் தொடங்கும். மகள் எடுத்த 1, 1 என்பது 45 டிகிரி; அங்கே நூற்றுக்கு 2.8 குறைவு. மறுபக்கம், சரிவு படுக்கப் படுக்க நிலைமை மோசம்.

எவ்வளவு மோசம் என்று பார்க்க, நீளம் 20, உயரம் 1 என்று போடுங்கள். பதினேழரையும் அரையும் சேர்ந்து 18. இருபதடி நீளத்துக்குப் பதினெட்டடிக் கர்ணம்! இது தப்பு என்று சொல்ல வர்க்கமூலம்கூட வேண்டாம். எந்த முக்கோணத்திலும் பெரிய கோணத்துக்கு எதிரே இருப்பதுதான் பெரிய பக்கம். செங்கோண முக்கோணத்தில் 90 டிகிரிதான் பெரிய கோணம், அதற்கு எதிரே இருப்பது கர்ணம். அது தன் பக்கத்தில் இருக்கும் நீளத்தைவிடக் குட்டையாக இருக்கவே முடியாது. உயரம் நீளத்தில் கால் பங்குக்குக் கீழே போனதுமே மாமாவின் விதி இந்தக் கதிக்கு வந்துவிடுகிறது.

சரி, அப்படியானால் இந்த விதியை யார், எதற்காக வைத்திருந்திருப்பார்கள்? இங்கே நான் சொல்வது ஊகம்தான். ஓட்டு வீட்டின் கூரையை நினைத்துப் பாருங்கள். சுவரிலிருந்து முகடு வரை சாயும் கைமரத்தின் நீளம்தான் கர்ணம். வீட்டின் பாதி அகலம் 12 அடி, முகடு சுவர்மட்டத்திலிருந்து 5 அடி என்றால் கைமரம் 13 அடி. பாதி அகலம் 8, உயரம் 6 என்றால் 10 அடி. ஓட்டுக் கூரையின் சரிவு பெரும்பாலும் இந்த எல்லைக்குள்ளேதான் வரும்: ரொம்பப் படுத்தால் தண்ணீர் உள்ளே இறங்கும், ரொம்ப நிமிர்ந்தால் ஓடு சறுக்கும். அந்த எல்லைக்குள் விதி தப்பு செய்தாலும் கூடுதலாகத்தான் காட்டுகிறது. மரம் ஒரு அங்குலம் நீளமாக இருந்தால் அறுத்துக்கொள்ளலாம். குறைந்தால் என்ன செய்வது? தச்சருக்கு இதைவிட நல்ல விதி தேவையில்லை. வாட்ஸாப்பில் வரும்போது கூரையைக் கழற்றிவிட்டு விதியை மட்டும் அனுப்பிவிடுகிறார்கள், அதில்தான் வம்பு.

கட்டட வேலையில் முக்கோணம் எவ்வளவு கறாரானது என்பதை நான் காசு கொடுத்துக் கற்றவன். வீடு கட்டும்போது அஸ்திவாரத்துக்கு முளை அடித்து நூல் கட்டினோம். மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க மேஸ்திரி "மூணு நாலு அஞ்சு" போட்டார். ஒரு நூலில் 3 அடி, மற்றதில் 4 அடி குறித்து, குறுக்கே அளந்தால் 5 அடி வர வேண்டும். டேப்பின் முனையைப் பிடித்திருந்தது நான். பேச்சு சுவாரசியத்தில் அரை அங்குலம் தளர விட்டிருக்கிறேன். சுவர் எழும்பி, பூச்சு முடிந்து, தரைக்கு டைல்ஸ் ஒட்ட வந்தவர் 12 அடி அறையின் கடைசி வரிசையில் நின்று தலையைச் சொறிந்தார். ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இரண்டரை அங்குல வித்தியாசம். ஒவ்வொரு கல்லையும் சாய்வாக அறுத்து ஒட்டினார். இன்றைக்கும் அந்தப் பக்கம் கட்டிலைப் போட்டு மறைத்து வைத்திருக்கிறோம்.

அரை அங்குலம் எப்படி இரண்டரை அங்குலம் ஆயிற்று என்று கேட்டால், அதற்குக் கொசைன் விதி என்று ஒன்று இருக்கிறது. மகள் மேல்நிலை வகுப்பில் படிப்பாள். இரண்டு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டி, அந்த இரண்டு பக்கங்களின் பெருக்கலை இரண்டால் பெருக்கி, நடுக்கோணத்தின் கொசைனாலும் பெருக்கிக் கழித்தால் மூன்றாவது பக்கத்தின் வர்க்கம் வரும். கோணம் 90 என்றால் கொசைன் பூச்சியம். கழிக்க ஒன்றும் இல்லை, மிஞ்சுவது பிதாகரஸ். 5 அடி என்று நினைத்த இடத்தில் உண்மையில் 5 அடி அரை அங்குலம் இருந்தால் கோணம் 91 டிகிரி. அந்த ஒரு டிகிரி 12 அடி போவதற்குள் இரண்டரை அங்குலமாக விரிந்துவிடுகிறது. மேஸ்திரியிடம் 6, 8, 10 போடச் சொல்லியிருந்தால் அதே அரை அங்குலத் தப்புக்கு அரை டிகிரிதான் நகர்ந்திருக்கும். 9, 12, 15 இன்னும் நல்லது. வீடு கட்டப் போகிறவர்கள் இதை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமாவின் பெருமிதத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிதாகரஸுக்கு முன்பே கர்ணக் கணக்கு தெரியும் என்று அவர் சொல்வதில் தவறில்லை. பாபிலோனியக் களிமண் பலகை ஒன்று, 3,600 ஆண்டுக்கு மேல் பழையது, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதில் ஒரு சதுரத்தின் மூலைவிட்டத்துக்கு எழுதியிருக்கும் மதிப்பு ஐந்து தசம இடம் வரை சரி. நம் நாட்டில் பௌதாயனரின் சுல்ப சூத்திரம் செவ்வகத்தின் மூலைவிட்ட விதியைச் சொல்லிவிட்டு, 2இன் வர்க்கமூலத்துக்கு 577/408 என்ற மதிப்பையும் தருகிறது. கணக்குப் போட்டால் 1.4142157. சுல்பம் என்றால் கயிறு. வேள்விமேடை அமைக்கக் கயிறு பிடித்தவர்களின் கணக்கு அது. மகள் சோதித்த அதே 1, 1 முக்கோணத்துக்குத்தான் இந்த மதிப்பு. அவ்வளவு நெருக்கமான விடை இங்கேயே இருக்கும்போது 1.375ஐப் பிடித்துக்கொண்டு எதற்காக மல்லுக்கு நிற்க வேண்டும்?

கடைசியாக மகளுக்கு ஒரு வேலை. கிராஃப் தாள் எடுத்து, காம்பஸை 6.5 சென்டிமீட்டர் திறந்து, ஆதிப்புள்ளியிலிருந்து கால் வட்டம் போடச் சொல்லுங்கள். அந்த வில்லில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் கர்ணம் 6.5 ஆக இருக்கும் ஒரு முக்கோணம். வலப்பக்கம் 5.2, மேலே 3.9 போனால் ஒரு புள்ளி. அது 4, 3 முக்கோணம். வலப்பக்கம் 6, மேலே 2.5 போனால் இன்னொன்று. அது 12, 5. இரண்டையும் ஸ்கேல் வைத்துச் சேர்த்தால் வருகிற கோடுதான் மாமாவின் விதி. பிதாகரஸ் வில், மாமா நாண். நம் கணிதத்தில் அந்தக் கோட்டுக்குப் பெயரும் நாண்தான்.

புள்ளிகளுக்கு நடுவில் வில்லுக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி அதிகபட்சம் அரை மில்லிமீட்டர். பென்சில் மொட்டையாக இருந்தால் தெரியவே தெரியாது, சீவிக்கொள்ளச் சொல்லுங்கள். அப்புறம் கோட்டை இரண்டு பக்கமும் நீட்டட்டும். 45 டிகிரியில் அது வட்டத்துக்கு வெளியே 2 மில்லிமீட்டர் தள்ளிப் போகும். கீழே அச்சைத் தொடும்போது 9 மில்லிமீட்டர். அதைப் படம் பிடித்துக் குழுவில் போடலாம், மாமாவுக்கு ஒரு வணக்கத்தோடு.