காலை நான்கரை மணிப் பாட்டு

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் என் மகன் சொல்கிறான், அங்கே வானொலி நிலையங்களின் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது நூற்றுக்கு 35 பாட்டாவது கனடாப் பாட்டாக ஒலித்ததா என்று கணக்குப் பார்ப்பார்களாம். இங்கேயும் அப்படி ஒரு விதி வந்தால் அது நேயர்கள் மீது செய்யும் திணிப்பு ஆகாதா?
- க. சி., கொக்குவில்

பதில்: உங்கள் கேள்வியில் 'திணிப்பு' என்ற சொல்லைத் தாண்டி என்னால் அப்பால் போக முடியவில்லை, ஐயா.

தலையணைக்குப் பஞ்சு அடைப்பவரைப் பார்த்திருப்பீர்கள். உறையில் இடம் இருக்கும்வரை அவர் செய்வது நிரப்புதல். தையல் விட்டுப்போகும் அளவுக்கு உறை புடைத்த பிறகும் கையை விட்டு அமுக்குவதுதான் திணிப்பு. யாழ்ப்பாணத்து நேயரின் காது எப்போதோ புடைத்துவிட்டது. காலையில் பஸ் ஏறினால் சென்னைத் திரைப்பாட்டு. தேநீர்க் கடையில் அதே பாட்டு. கலியாண மண்டபத்தில், தாலி கட்டி முடிந்து நாதஸ்வரக்காரர் உறையில் குழலைப் போடுவதற்கு முன்பே அதே பாட்டு. யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் தவிலையும் அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரத்தையும் விடிய விடிய நிலத்தில் இருந்து கேட்ட ஊர் இது. இன்று திருவிழாவில் மேளக் கச்சேரிக்கு ஒரு மணித்தியாலம், ஒலிபெருக்கிக்கு மீதி இரவு முழுவதும். இதை நான் இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதிவிட்டேன். கோயில் நிர்வாக சபைகள் சிலவற்றுக்கு என் மீது கோபம் இருப்பதும் தெரியும். இன்னும் எழுதுவேன்.

சென்னைப் பாட்டின் மீது எனக்குப் பகை இல்லை. அதைக் கேட்டே வளர்ந்தேன். நான் கேட்பது, புடைத்த அந்த உறையிலிருந்து ஒரு பிடியை எடுத்துவிட்டு எங்கள் பஞ்சிலும் ஒரு பிடி வையுங்கள் என்பதுதான். அதைத் திணிப்பு என்று சொல்ல எப்படி மனம் வந்தது உங்களுக்கு?

உங்கள் மகன் சொன்னது சரி. கனடாவில் 1971இல் 30 வீதம் என்று தொடங்கினார்கள். 1999இல் அது ஜனரஞ்சக இசைக்கு 35 வீதமானது. பிரான்சில் 1996 முதல் பிரெஞ்சுப் பாட்டுக்கு 40 வீதம். அமெரிக்கப் பாட்டு எல்லை தாண்டி வந்து தங்கள் பிள்ளைகளின் பாட்டை மூடிவிடும் என்ற பயம் பணக்கார நாடுகளுக்கே இருந்தது. எங்களுக்கு அந்தப் பயம் வரக்கூடாதா?

ஆனால் வீதத்தை விட நான் மெச்சுவது, அதை அவர்கள் எண்ணும் முறையை. முதலில் அங்கேயும் நிலையங்கள் தந்திரம் செய்தன. கனடாப் பாட்டுகளை எல்லாம் சேர்த்து ஊர் உறங்கும் நேரத்தில் போட்டுக் கணக்கை ஒப்பேற்றின. அதனால் வாரம் முழுவதற்கும் 35 என்பதோடு, திங்கள் முதல் வெள்ளிவரை காலை 6 மணி முதல் மாலை 6 மணிவரையும் தனியாக 35 இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். ஒலிபரப்பின் பதிவை நிலையம் நான்கு வாரம் வைத்திருக்க வேண்டும். வானொலிகளுக்கு அனுமதி கொடுக்கும் அங்கத்தைய ஆணைக்குழு கேட்டால் ஒரு வாரத்தின் பாட்டுப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். தவறியவர்களுக்கு அனுமதிப்பத்திரத்தைக் குறுகிய காலத்துக்கே புதுப்பித்துக் கொடுப்பதும் உண்டு.

எது கனடாப் பாட்டு என்பதற்கும் நான்கு கண்கள் வைத்தார்கள்: இசை அமைத்தவர், பாடியவர், பதிவான இடம், வரி எழுதியவர். இந்த நான்கில் இரண்டு கனடாவாக இருந்தால் போதும் என்றார்கள். இதில் இடறியும் இருக்கிறார்கள். 1991இல் பிரையன் அடம்ஸ் என்ற அவர்களுடைய பெரிய பாடகரின் இசைத்தொகுப்பே கனடாவினது இல்லை என்று கணக்கில் விழுந்தது, பாட்டுகளை வெளிநாட்டவர் ஒருவரோடு சேர்ந்து எழுதியதால். நாடு முழுவதும் சத்தம் போட்டது. பிறகு விதியைத் திருத்தினார்கள். பிழைத்தால் திருத்தலாம், ஐயா. எண்ணாமலே விட்டால் எதைத் திருத்துவது?

அந்த நான்கு கண்களில் இரண்டு எங்கள் வானொலிக்கு ஒரு காலத்தில் தானாகவே இருந்தன. இலங்கை வானொலியில் மெல்லிசைப் பாட்டு ஒலிக்கும் முன் அறிவிப்பாளர் இயற்றியவர் பெயரையும் இசை அமைத்தவர் பெயரையும் சொல்வார். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் ஒருவர் மாலை வேளைகளில் வானொலிப் பெட்டிக்குப் பக்கத்து வாங்கில் இருப்பார். பாட்டு எழுதி அனுப்பியிருந்தார். ஒருநாள் அவருடைய பெயர் வந்தது. மின்கலம் மெலிந்து பெட்டி முனகிக்கொண்டிருந்ததால் காதை அதன்மேல் வைத்து முழுப் பாட்டையும் கேட்டார். பாட்டு முடிந்ததும் எழுந்து, கடையில் இருந்த அத்தனை பேரின் தேநீருக்கும் காசு கொடுத்துவிட்டுப் போனார். யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. நித்தி கனகரத்தினத்தின் பொப் பாடல்களை ஊர் ஊராகப் பாட வைத்ததும் அந்த வானொலிதான். இன்று எத்தனை நிலையங்களில் வரி எழுதியவரின் பெயரைச் சொல்கிறார்கள்? கூடவே, வவுனியாவைத் தாண்டாத அறிவிப்பாளர்கூட ஏன் மயிலாப்பூரில் பிறந்தவர்போலப் பேச வேண்டும்? இது என் நெடுநாள் கோபம். இன்றைக்கு இதோடு விடுகிறேன்.

இனி ஒரு பாட்டின் கதை. கோண்டாவிலில் ஒரு பொடியன் வீட்டு அறை ஒன்றில் சுவர் முழுவதும் முட்டைத் தட்டுகளை ஒட்டி ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கிறான். பக்கத்து வெங்காயத் தோட்டத்தில் இறைப்பு இயந்திரம் போட்டால் குரல் பதிய முடியாது. பாடும் பிள்ளை தண்ணீர்ப் போத்தலோடு வாசலில் குந்தியிருப்பாள். இயந்திரம் நின்றதும் ஓடி உள்ளே போய் இரண்டு வரி பாடுவாள். அப்படி அப்படியாக ஒன்பது நாளில் முடித்த பாட்டு அது. நான் நேரில் இருந்து பார்த்தேன். பாட்டை நானே ஒரு தனியார் நிலையத்துக்குக் கொண்டு போனேன். நல்ல பாட்டு என்று ஒத்துக்கொண்டார்கள். காலை நான்கரை மணிக்கு ஒருமுறை போட்டார்கள். அந்தப் பிள்ளையின் தாய் அலாரம் வைத்து எழுந்து கேட்டார். வேறு யார் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

அதனால் விதி வேண்டும் என்றே சொல்கிறேன். நூற்றுக்கு 15 என்று தொடங்கட்டும். பகல் நேரத்தில் எண்ணட்டும். மொழிவாரியாக எண்ணட்டும், இல்லாவிட்டால் 'உள்நாடு' என்ற சொல்லுக்குள் தமிழ்ப் பாட்டு காணாமல் போகும். ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவர் பெயரைச் சொல்லட்டும்.

ஆனால் எண்ணுகிறவர் யார் என்பதில் நான் ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். எங்கள் நாட்டில் தனியார் வானொலிகளுக்கான அனுமதிப்பத்திரம் இன்னும் 1966ஆம் ஆண்டு ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் கீழ் அமைச்சரின் கையில் இருக்கிறது. 1997இல் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் வந்தபோது அது அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அலைவரிசை பொதுச் சொத்து, அதைப் பங்கிடும் சபை அரசாங்கத்தின் பிடிக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது அந்தத் தீர்மானத்தின் சாரம். அப்படி ஒரு சபை இல்லாமல் பாட்டு எண்ணும் அதிகாரத்தை மட்டும் அமைச்சுக்குக் கொடுத்தால், புதுப்பிக்கும் மாதத்தில் பாட்டை எண்ண மாட்டார்கள், செய்தியைத்தான் எண்ணுவார்கள். அந்த நிலையில் நானே விதியை எதிர்ப்பேன்.

உங்கள் மகனிடம் ஒன்று சொல்லுங்கள். கனடாவில் எங்களைப் போன்றோரின் மொழி நிகழ்ச்சிகளுக்கு 7 வீதம் கனடாப் பாட்டு இருந்தால் போதும். அந்த ஏழிலும் கோண்டாவில் பாட்டுச் சேராது. எழுதியவர், இசை, பாடியவர், பதிவு நான்கும் இங்கேதான். அங்கே அது வெளிநாட்டுப் பாட்டு. இங்கே அதற்குக் காலை நான்கரை மணி.

கொக்குவிலில் இருந்து கோண்டாவில் நடக்கும் தூரம்தானே. வருகிற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அங்கே இருப்பேன், இறைப்பு இல்லாத நாள். வாருங்கள், அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டச் சொல்கிறேன்.