மூன்று பேட்ச் வேண்டாம், அக்கா

அக்கா, போன வாரம் நீங்கள் சொல்லிவிட்டுப் போனதை நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். மகள் பி.காம். முடித்துவிட்டு மார்ச்சிலிருந்து புளியரையில் பஸ் ஏறி செங்கோட்டைக்கு டைப்ரைட்டிங் போகிறாள், முதல் மாதம் முழுக்க ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் அடித்தே போனது, இப்போது வேகத்தைச் சோதிக்கும் ஸ்பீடு பேப்பரில் நிமிடத்துக்கு 25 வார்த்தையைத் தாண்ட மாட்டேன் என்கிறது, ஆகஸ்டில் லோயர் என்கிற முதல் நிலைப் பரீட்சை, மெஷின் முன்னால் உட்கார்ந்தாலே கொட்டாவி வருகிறதாம். உடனே நீங்கள் மாஸ்டரிடம் பேசி காலையில் இரண்டு பேட்ச், சாயங்காலம் ஒன்று என்று மூன்று மணி நேரமாக்கிவிட்டீர்கள். முதலில் அதைக் குறையுங்கள்.

பிரிட்டனில் தபால்காரர்களுக்கு டைப்பிங் கற்றுக்கொடுத்தபோது பாட்லி, லாங்மேன் என்ற இரண்டு பேர் அதைக் கவனித்து 1978இல் எழுதியிருக்கிறார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் பழகியவர்கள் 55 மணி நேரத்தில் கற்றதைக் கற்க, நாளுக்கு நான்கு மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்கு 80 மணி நேரம் பிடித்தது. இதில் வேடிக்கை, நன்றாகக் கற்ற அந்த ஒரு மணி நேரக்காரர்களுக்குத்தான் மனத்திருப்தி குறைவு, ஏனென்றால் நாள் கணக்கில் அவர்கள் பின்தங்கித் தெரிந்தார்கள். ஆக, ‘ஒண்ணும் ஏற மாட்டேங்குது’ என்று பிள்ளை சொல்வதை வைத்து அவளுக்கு ஏறவில்லை என்று முடிவு கட்ட முடியாது. பரீட்சை நெருங்குகிறதே என்பீர்கள். சரி, காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அதோடு போதும்.

அந்த 25 வார்த்தை விஷயத்துக்கு வருகிறேன். லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஒரு வார்த்தைக்கு ஐந்து தட்டு, பத்து நிமிடத்தில் 1500 தட்டு, அதாவது நொடிக்கு இரண்டரை. ஒவ்வொரு எழுத்தாக யோசித்து அடிக்கும் வரை இந்த வேகம் வருவது கஷ்டம். 1890களிலேயே அமெரிக்காவில் பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர் தந்தி பழகுகிறவர்களைப் பார்த்து, வேகம் கொஞ்ச நாள் ஏறி, அப்புறம் வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நின்று, திரும்பவும் ஏறுவதைக் குறித்து வைத்தார்கள். எழுத்து கைக்குப் பழகி, அதன் பிறகு முழு வார்த்தையே ஒரே அசைவாக வர வேண்டும், அதுவரை வெளியே ஒன்றும் தெரியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். நானும் 26 வார்த்தையில் ஒன்றரை மாதம் நின்றவன்தான். நான் படித்த இடத்தில் ஒரே பேப்பரைத் திரும்பத் திரும்ப அடி என்பதைத் தவிர வேறு வார்த்தை கிடையாது, கடைசியில் அந்தப் பேப்பர் மனப்பாடம் ஆனது, வேகம் ஆகவில்லை.

அதனால் அவள் செய்ய வேண்டியது இதுதான். அடித்த பேப்பரைக் கிழித்துப் போடாமல் ஒரு வாரத்துப் பேப்பரைச் சேர்த்து வைத்து, எந்த எழுத்தில் தப்பு, எந்த எழுத்து மங்கலாக விழுந்திருக்கிறது என்று சிவப்பு மையில் சுழிக்கட்டும். பெரும்பாலும் சுண்டுவிரல்தான் மாட்டும், ஏ, க்யூ, பி இந்த மூன்றும் பாதிப் பேருக்கு எறும்பு மாதிரித்தான் விழும், பழைய மெஷினில் சுண்டுவிரலுக்கு அவ்வளவு பலம் எங்கே இருக்கிறது. மறுநாள் முதல் பத்து நிமிடம் அந்த எழுத்துகள் வரும் வார்த்தைகள் மட்டும், மெதுவாக, தப்பே இல்லாமல். அப்புறம் ஒரு ஸ்பீடு பேப்பர், தப்பைப் பற்றிக் கவலையே படாமல். மிச்ச நேரம் லெட்டர், ஸ்டேட்மென்ட். ஒரு மணி நேரத்துக்குள் மூன்று விதமான வேலை இருந்தால் கொட்டாவி தானாகக் குறையும், மனசுக்கும் அன்றைக்கு எதைத் தேட வேண்டும் என்று தெரிந்திருக்கும். போனை மாஸ்டர் மேஜையில் வைத்துவிட்டு உட்காரட்டும், பையில் இருந்தாலும் கை அங்கேதான் போகும்.

வீட்டுக்கு வந்ததும் ‘எத்தனை வார்த்தை வந்துச்சு?’ என்று கேட்பதை விட்டுவிடுங்கள். ‘இன்னைக்கு எந்த விரல்?’ என்று கேளுங்கள், சிரிப்பாள், பதிலும் சொல்வாள். கேரளத்தில், புனலூரில் இருக்கும் சித்தி மகளோடு ஒப்பிடுவதும் வேண்டாம். நம் ஊரே 1956 வரைக்கும் அந்தப் பக்கத்தோடு இருந்த ஊர்தான், சொந்தம் இரண்டு பக்கமும் இருக்கும், ஒப்பீடும் வரும். ஆனால் அவள் எழுதுவது கேரள அரசின் கே.ஜி.டி.இ., இவள் எழுதுவது நம் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் பரீட்சை, இரண்டும் வேறு வேறு.

இன்னொன்று, இதை நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். பயிற்சி சலிப்பது ஒன்று, வேலையே பிடிக்காமல் சலிப்பது வேறு. குரூப் 4 தட்டச்சர் வேலைக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர், இல்லையென்றால் ஒன்றில் ஹையரும் மற்றதில் லோயருமாவது வேண்டும். இந்த லோயரோடு கதை முடியாது, ஹையருக்கு நிமிடத்துக்கு 45 வார்த்தை, அதோடு எழுத்துத் தேர்வும் இருக்கிறது. இவ்வளவையும் அவளிடம் யாராவது உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்களா? எதற்காக அடிக்கிறோம் என்றே தெரியாமல் அடித்தால் யாருக்குத்தான் தூக்கம் வராது. எல்லாம் தெரிந்த பிறகும் அவள் வேண்டாம் என்றால் அது வேறு பேச்சு, அதையும் பேசலாம், ஆனால் 25 வார்த்தையில் மாட்டிக்கொண்ட எரிச்சலில் இந்த வாரமே அந்த முடிவை எடுக்க வேண்டாம்.

அடுத்த சனிக்கிழமை அவளை அனுப்புங்கள், நீங்கள் வர வேண்டாம். ஒரு வாரத்துப் பேப்பரையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள், சாரலில் நனையாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டு.