எல்டர்பெர்ரி டீ வீட்டில் எப்படிப் போடுவது? சளி, காய்ச்சலுக்குக் கேட்குமா?

பெயர்தான் டீ, பக்குவம் கஷாயத்துடையது. சுடுதண்ணீரை ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைத்துக் குடிக்கிற சமாசாரம் இல்லை. பழத்தைக் கொதிக்க வைத்தே ஆக வேண்டும்.

நான் இருப்பது தென் ஜெர்மனியில். இங்கே இதை ஹோலுண்டர் என்பார்கள். ரயில் பாதை ஓரம், வேலி ஓரம் என்று தானாகவே வளர்ந்து நிற்கும். மே, ஜூனில் வெள்ளைப் பூ. ஆகஸ்ட் கடைசியிலிருந்து கறுப்புப் பழம். வந்த வருடம் நாவல்பழ நினைப்பில் ஒரு கொத்தை அப்படியே உருவித் தின்றுவிட்டேன். அன்று இரவு முழுக்க வாந்தியும் வயிற்றுப்போக்கும். வேகாத பழம், விதை, இலை, காம்பு, பட்டை எல்லாவற்றிலும் சாம்புனிக்ரின் என்ற பொருள் இருக்கிறது. வயிற்றுக்குள் போனால் அதிலிருந்து சயனைடு பிரியும். 1983ல் கலிபோர்னியாவில் இலை, குச்சியோடு சேர்த்துப் பிழிந்த சாற்றைக் குடித்தவர்களில் எட்டுப் பேரை ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நன்றாகக் கொதிக்கவைத்தால் இந்தப் பயம் இல்லை.

செய்முறையைக் கற்றுக்கொடுத்தது எங்கள் கீழ்வீட்டுப் பாட்டி. கொத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, முள்கரண்டியால் சீப்பு போடுவதுபோல மேலிருந்து கீழே இழுப்பார். பழம் மட்டும் பொலபொலவென்று கிண்ணத்தில் உதிரும். பச்சைக் காயையும் காம்பையும் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். இரண்டு கைப்பிடி பழத்துக்கு அரை லிட்டர் தண்ணீர். ஒரு துண்டு லவங்கப்பட்டை, இரண்டு கிராம்பு, தட்டிய இஞ்சி. கொதி வந்தபின் தீயைக் குறைத்து இருபது நிமிடம். அப்புறம் துணியில் வடிகட்டி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் தேன். (ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.) காய்ந்த பழம் என்றால் இரண்டு மேசைக்கரண்டி போதும், கொதிக்கும் நேரம் அதேதான். கறை மட்டும் போகவே போகாது. எங்கள் வீட்டு மரக்கரண்டி இன்னும் ஊதாவாகவே இருக்கிறது.

கொதிநீர் ஊற்றி மூடிவைத்துக் குடிப்பது பூவைத்தான். காய்ந்த பூ இங்கே மருந்துக்கடையிலேயே கிடைக்கும். காய்ச்சல் வரும்போல் இருந்தால் அதைச் சூடாகக் குடித்துவிட்டு, போர்த்திப் படுத்து வியர்க்க விடுவது இந்த ஊர்ப் பழக்கம்.

கேட்குமா என்றால், சளி சீக்கிரம் குறைவதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. 2020ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் இன்புளுயன்சாவுக்குப் பலன் தெரியவில்லை. எனக்குத் தொண்டைக்கு இதமாக இருக்கிறது, தூக்கம் வருகிறது. அதற்காகத்தான் குடிக்கிறேன். மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ மருத்துவரிடம் போங்கள். கர்ப்பிணிகளும், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களும் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

நீங்களே பறிப்பதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். இதன் சாயலிலேயே அட்டிஹ் என்றொரு நச்சுச்செடி உண்டு. அது மரமாகாது, இடுப்பளவு, ஆளளவு உயரத்தில் நேராக நிற்கும், இலையைக் கசக்கினால் நாறும், பழக்கொத்து வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருக்கும். ஹோலுண்டரில் பழுத்த கொத்து கனம் தாங்காமல் தலைகீழாகத் தொங்கும். தொங்குவதை மட்டும் பறியுங்கள்.