பக்கத்து நிரையில் ஓர் ஆள்

குமுளியிலிருந்து ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரத்துக்கு முதுகலை படிக்க வந்து ஆறு வாரமே ஆன தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்கா, வகுப்பு முடிந்து அறைக்கு வந்தால் மறுநாள் காலை வரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமலே பொழுது போய்விடுகிறது. புத்தகத்தைத் திறந்தாலும் மனம் ஒட்டவில்லை. இணையத்தில் கூடவே இருந்து படிப்பதற்கும் பேசுவதற்கும் ஆள் கிடைப்பார்கள் என்கிறார்களே, அது உண்மையா? நம்பிப் போகலாமா?"

உண்மைதான் தங்கச்சி, போகலாம். ஆனால் நீங்கள் ஒரே மூச்சில் இரண்டு துணையைக் கேட்டிருக்கிறீர்கள்: வேலைக்கு ஒன்று, மனத்துக்கு ஒன்று. முதலாவதைத் தேடுங்கள். அது எளிதில் கிடைக்கும். இரண்டாவது பெரும்பாலும் அதன் பின்னாலேயே வந்து சேரும். மனத்துணையைத் தேடி நேராகப் புறப்பட்டவர்கள் ஏமாந்ததைத்தான் இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் அதிகம் பார்த்திருக்கிறேன். அவர்களில் நானும் ஒருத்தி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் வண்டிப்பெரியாற்றில் தேயிலை எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்தவள். அம்மா கொழுந்தெடுத்த தேயிலைச் செடி நிரைக்குப் பக்கத்து நிரையில் ஏறக்குறைய இருபது வருடம் ஒரே பெரியம்மாதான் நின்றார். இருவரும் உயிர்த்தோழிகள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தண்ணீர்க் குழாயடியில் அவர்கள் போட்ட சண்டை லயம் முழுவதற்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பெரியம்மா காய்ச்சலில் படுத்த நாளில் அம்மா பறித்த கொழுந்தின் எடை குறைந்துவிடும். "பக்கத்துல ஆளில்லாம கை ஓடல" என்று சாயங்காலம் அலுத்துக்கொள்வார். இப்போது இணையத்தில் 'பாடி டபுளிங்' என்று பெயர் வைத்து எல்லோரும் பேசுவது இதைத்தான். பேச வேண்டியதில்லை, உதவ வேண்டியதில்லை; தன் வேலையைத் தானே பார்க்கும் ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால் போதும்.

நான் இதைப் பிடித்துக்கொண்டது 2020 மார்ச்சில், அலுவலகத்தை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பியபோது. லைப்சிக்கில் ஒற்றை அறையில், சன்னலுக்கு எதிரே சுவர் மட்டும் தெரியும் மேசையில், மென்பொருளைச் சோதித்து அறிக்கை எழுதுகிற வேலை. மூன்றாவது வாரத்திலேயே காலை பதினொரு மணிக்கும் கட்டிலை விட்டு எழாதவளாக ஆகியிருந்தேன். உடன் வேலை பார்த்த ஒருவர் சொல்லி ஃபோகஸ்மேட் என்ற தளத்தில் சேர்ந்தேன். நாம் நேரத்தைக் குறித்து வைத்தால் உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து இன்னொருவரை அது நமக்கு இணைத்துவிடும். 25, 50, 75 நிமிடம் என்று அமர்வுகள் உண்டு. தொடக்கத்தில் இன்று எதை முடிக்கப் போகிறேன் என்று ஒரு வரி சொல்ல வேண்டும். பிறகு ஒலியை அணைத்துவிட்டு, கேமராவைத் திறந்து வைத்தபடி அவரவர் வேலையைப் பார்க்க வேண்டும். இறுதியில் முடிந்ததா இல்லையா என்று இன்னொரு வரி. காசு கட்டாமல் வாரத்துக்கு மூன்று அமர்வு எனக்குக் கிடைத்தது, தொடங்குபவருக்கு அது தாராளம். முதல் நாள் வந்தவர் போர்ச்சுகலில் மொழிபெயர்ப்பு செய்பவர். முப்பது, நாற்பது தடவை எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். இன்றுவரை அவருடைய முழுப்பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்பது மணிக்கு ஒருவர் எனக்காகக் காத்திருப்பார் என்ற வெட்கம் என்னை எட்டரைக்கே எழுப்பிக் குளிக்க வைத்தது. முன்பின் தெரியாதவரோடு முகம் காட்ட விருப்பமில்லையென்றால் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் படிப்பறைகள் ஏராளமாக உண்டு. அங்கே கேமரா இல்லாமலும் உட்காரலாம், ஆனால் அந்த வெட்கம் அங்கே பாதிதான் வேலை செய்யும்.

எல்லாப் படிப்புக்கும் இது ஒத்துவராது என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பக்கத்தில் ஆள் இருக்கும்போது பழகிய வேலை விரைவாகவும் புதிய, சிக்கலான வேலை தடுமாற்றத்தோடும் நடக்கிறது என்று உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1965-இல் எழுதினார். நான்கு ஆண்டு கழித்து அவரும் உடனிருந்தவர்களும் அதைக் கரப்பான்பூச்சிகளை வைத்தே சோதித்தார்கள்: நேரான பாதையில், மற்ற பூச்சிகள் பார்த்துக்கொண்டிருக்க, ஓடிய பூச்சி வேகமாக ஓடியது, வளைந்து திரும்ப வேண்டிய பாதையில் அதே கூட்டம் அதைத் தாமதப்படுத்தியது. (லயத்துச் சமையலறையில் இரவு விளக்கைப் போட்டவர்களுக்கு இதை நம்புவதில் சிரமம் இருக்காது.) ஆகவே வீட்டுப்பாடத்தைச் சுத்தமாக எழுதுவது, ஜெர்மன் சொற்களை உருப்போடுவது, பகுதிநேர வேலைக்கு விண்ணப்பம் அனுப்புவது போன்றவற்றைத் துணையோடு செய்யுங்கள். வகுப்பில் புரியாமல் போன கோட்பாட்டை முதன்முதலாக உடைத்துப் பார்க்கும் நேரத்தில் கேமராவை மூடிவிட்டுத் தனியாக உட்காருங்கள். நான் இதை அறியாமல் இரண்டு மாதம் எல்லாவற்றையும் துணையோடு படிக்க முயன்று, ஒரு சான்றிதழ்த் தேர்வில் தோற்றேன்.

நேரக் கணக்கையும் பார்க்க வேண்டும். ஊரில் அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் சித்தி மகளோடு சேர்ந்து படிக்கலாம் என்று எல்லோருக்கும் முதலில் தோன்றும். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பியதிலிருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை ஊர் நமக்கு நாலரை மணி நேரம் முன்னால் இருக்கும். மற்ற மாதங்களில் மூன்றரை. நீங்கள் மாலை ஆறு மணிக்கு மேசைக்கு வரும்போது அங்கே இரவு பத்தரை ஆகியிருக்கும், அந்தப் பெண் தூக்கத்தில் தலையாட்டும். எனவே வீட்டு ஆட்களைச் சனி, ஞாயிறு மதியத்துக்கு வைத்துக்கொண்டு, வார நாள் மாலைகளுக்கு இந்த ஊர் நேரத்தில் இருப்பவர்களையே தேடுங்கள்.

அப்படித் தேடும்போது தமிழ்நாடு–கேரள எல்லைக்காரர்களாகிய நமக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை வீணாக்காதீர்கள். சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வந்தவருக்குத் தமிழ்க் குழு மட்டும்தான். குமுளியில் கடைக்குப் போய் வளர்ந்த உங்களுக்கு மலையாளம் தானாகவே வரும். இங்கே மலையாளிச் செவிலியர்களும் மாணவர்களும் நிறைய இருக்கிறார்கள், அவர்களுடைய குழுக்களில் அறை, மருத்துவர், வேலை பற்றிய செய்தி வேகமாக ஓடும். எனக்கு இங்கே முதல் குளிர்காலத்தில் கையுறையும் கஞ்சியும் கொண்டுவந்து கொடுத்தவர் கட்டப்பனையிலிருந்து வந்த ஒரு சேச்சிதான். அவரை அக்கா என்று அழைப்பதா சேச்சி என்று அழைப்பதா என்று ஒரு வாரம் தயங்கியது இப்போது சிரிப்பாக இருக்கிறது.

இனி நான் ஏமாந்த கதை. வந்த முதல் ஆண்டில் ஓர் இணையக் குழுவில் 'நம்ம ஊர்க்காரர்' என்று ஒருவர் அறிமுகமானார். இரண்டு வாரம் தினமும் சாப்பிட்டாயா என்று விசாரித்தார், அம்மாவின் உடல்நலம் கேட்டார். மூன்றாவது வாரம் தன் நண்பர் ஓர் அறையைக் காலி செய்வதாகவும், வேறு யாரும் பிடிப்பதற்குள் முன்பணம் அனுப்பினால் சாவி வரும் என்றும் சொன்னார். 400 யூரோ அனுப்பினேன். சாவியும் வரவில்லை, அவரும் வரவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரே விதிதான்: வேலையின் பெயரால் சேர்ந்தவர் வேலையைப் பற்றி மட்டும் பேசும்வரை இருக்கட்டும், பணம், பாஸ்போர்ட் படம், வீட்டு முகவரி இவற்றில் ஒன்றைக் கேட்ட நிமிடமே அவரைத் தடை செய்துவிடுவேன். உண்மையான ஊர்க்காரர் என்றால் கோபித்துக்கொண்டு பிறகு சமாதானமாகட்டும்.

கடைசியாக, நீங்கள் எழுதாமல் விட்டதாக எனக்குத் தோன்றுவதைப் பற்றி. டிசம்பரில் இங்கே மாலை நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அதற்கு மேல் ஞாயிற்றுக்கிழமை கடையும் இல்லை. படிப்பு ஓடாததோடு தூக்கமும் பசியும் போய், காரணமில்லாமல் அழுகை வருகிறதென்றால், முகம் தெரியாத படிப்புத் துணை அதற்கு மருந்தாகாது. பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கென்றே உளவியல் ஆலோசனை உண்டு, அங்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். நடு இரவில் யாரிடமாவது பேசியே ஆகவேண்டும் என்றால் 0800 111 0 111 அல்லது 116 123 என்ற எண்ணில் டெலிஃபோன்ஸீல்சோர்கே என்ற தொலைபேசி ஆறுதல் சேவை இருபத்துநான்கு மணி நேரமும் இலவசமாகக் கேட்கும், பெயர் சொல்ல வேண்டியதில்லை. உளவியல் சிகிச்சைக்கு முதல் சந்திப்பு வாங்குவதற்கு அழைக்க வேண்டிய எண் 116117. சிகிச்சைக்கான காத்திருப்பு மாதக்கணக்கில் நீளக்கூடும் என்பதால் மோசமாகும்வரை பொறுத்திருக்காமல் இப்போதே பெயரைப் பதிந்துவிடுங்கள். உயிருக்கே ஆபத்து என்று தோன்றினால் அவசர உதவி எண் 112. இதையெல்லாம் ஊரில் அம்மாவிடம் சொன்னால் பயப்படுவார் என்று நினைத்து மறைப்பீர்கள், நானும் மறைத்தேன். கட்டப்பனை சேச்சியிடமாவது சொன்னேன். உங்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டும்.

இந்த ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு வருமான வரிப் படிவத்தோடு நான் மேசையில் உட்காரப் போகிறேன். மூன்று வாரமாகத் தள்ளிப்போட்ட வேலை, ஐம்பது நிமிடம் பிடிக்கும். விருப்பமிருந்தால் உங்கள் வீட்டுப்பாடத்தோடு வாருங்கள். தொடக்கத்தில் ஒரு வரி, முடிவில் ஒரு வரி, நடுவில் பேச்சு கிடையாது. முடிந்த பிறகு தேநீர் போட்டுக்கொண்டு குமுளிச் சந்தையில் இப்போது ஏலக்காய் என்ன விலை என்று நீங்கள் எனக்குச் சொல்லலாம்.