கல்லீரலில் தங்கிவிட்ட பி வைரஸ்: வாசகர் கேள்விகள்

பத்து வருடமாக ஹெபடைடிஸ் பி இருக்கிறது. சளி, காய்ச்சல்கூட அதிகம் வருவதில்லை. பிறகு ஏன் எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டது என்கிறார்கள்?

உடம்பு முழுக்க எதிர்ப்பு சக்தி குறையவில்லை. பி வைரஸை அடையாளம் காணும் டி செல்கள் (தொற்றிய செல்களைத் தாக்கும் ஒருவகை வெள்ளை ரத்த அணுக்கள்) மட்டும் சோர்ந்துவிட்டன. காய்ச்சல் வைரஸை எதிர்க்கும் செல்கள் நன்றாகவே வேலை செய்கின்றன.

சோர்வுக்குக் காரணம், ஓயாத தூண்டல். தொற்றிய கல்லீரல் செல், முழு வைரஸோடு உள்ளே ஒன்றுமில்லாத மேலுறைத் துகள்களையும் ரத்தத்தில் கொட்டுகிறது. முழு வைரஸைவிட இவை ஆயிரம் மடங்கு முதல் லட்சம் மடங்கு வரை அதிகம். எச்பிஎஸ்ஏஜி பரிசோதனை பிடிப்பது இந்த மேலுறைப் புரதத்தைத்தான். ஆண்டுக்கணக்கில் வைரஸ் புரதங்களையே சந்திக்கும் டி செல், பிடி-1 என்ற தடைப் புரதத்தைத் தன்மேல் ஏற்றிக்கொள்கிறது. கல்லீரலில் உள்ள பிடி-எல்1 என்ற இணைப் புரதம் அதில் வந்து பொருந்தியதும் செல்லுக்குள் போகும் கட்டளை அறுந்துவிடும். பெருகும் திறனும், அதற்கு உதவும் ஐஎல்-2 என்ற சமிக்ஞைப் புரதத்தின் சுரப்பும் முதலில் போகும். வைரஸை அடக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தின் சுரப்பு கடைசியில் நின்றுபோகும். பிறகு செல்லே மடிந்துவிடும்.

இடமும் வைரஸுக்குச் சாதகம். குடலிலிருந்து வரும் ரத்தத்தில் உணவின் அன்னியப் புரதங்கள் நிறைய இருப்பதால், எதையும் சட்டென்று தாக்காமல் பொறுத்துப்போவது கல்லீரலின் இயல்பு. அங்கே சுரக்கும் ஐஎல்-10 என்ற சமிக்ஞைப் புரதம் டி செல்களை அடக்குகிறது. டி செல்லுக்கு வேண்டிய ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை ஆர்ஜினேஸ் நொதி தின்றுவிடுகிறது.

எஸ்ஜிபிடி (கல்லீரல் செல் சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி) நார்மல். அப்படியென்றால் வைரஸ் அடங்கிவிட்டதா?

அப்படிச் சொல்ல முடியாது. பி வைரஸ் பொதுவாகக் கல்லீரல் செல்லை நேரடியாகக் கொல்வதில்லை. கொல்வது நம் எதிர்ப்புச் செல்களின் தாக்குதல். அவை சும்மா இருந்தால், வைரஸ் கோடிக்கணக்கில் இருந்தாலும் எஸ்ஜிபிடி ஏறாது. வைரல் லோடும் (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) ஃபைப்ரோஸ்கேனும் (கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று காட்டும் ஸ்கேன்) சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

டெனோஃபோவிர் மாத்திரை சாப்பிட்டு வைரல் லோடு பூஜ்யம் ஆகிவிட்டது. நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தவே கூடாது. டெனோஃபோவிரும் என்டெகாவிரும் புது வைரஸ் உருவாவதைத் தடுக்கின்றன. செல்லின் உட்கருவில் வளையமாகக் கிடக்கும் வைரஸ் டிஎன்ஏவை அவை தொடுவதில்லை. அதனால்தான் வைரல் லோடு பூஜ்யமான பிறகும் எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவாகவே வருகிறது. வைரஸ் குறைந்ததும் டி செல்கள் ஓரளவு தேறும்; வைரஸைத் தாங்களே கட்டுப்படுத்தும் அளவுக்குப் பெரும்பாலும் தேறுவதில்லை. மாத்திரையை விட்டால் சில வாரங்களிலோ மாதங்களிலோ வைரஸ் மீண்டும் பெருகி, கல்லீரல் கடுமையாக வீங்கலாம். சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குதல்) இருப்பவருக்கு அது உயிராபத்து.

கீழாநெல்லி, இம்யூனிட்டி பூஸ்டர் பவுடர் உதவுமா?

கீழாநெல்லி நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. 1988இல் சென்னை ஆய்வாளர்கள் லான்செட் இதழில் நல்ல பலன் கண்டதாக எழுதினார்கள். தாய்லாந்து உள்ளிட்ட இடங்களில் மீண்டும் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதை நம்பி மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

பவுடர் விஷயத்தில் அடிப்படையே தவறு. டி செல்லுக்குக் குறைவது சத்து அல்ல. அதன்மேல் தடை விழுந்திருக்கிறது. அந்தத் தடையை எடுக்கும் ஊசிகள் புற்றுநோய்க்கு இருக்கின்றன. விழித்த டி செல்கள் தொற்றிய செல்களை ஒரேயடியாகத் தாக்கினால் கல்லீரலே பழுதாகலாம் என்பதால் பி வைரஸுக்கு அவை வழக்கமான சிகிச்சை ஆகவில்லை.

அம்மாவுக்குப் புற்றுநோய்க்காக ரிடுக்சிமாப் தரப்போகிறார்கள். பழைய காமாலையைச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்லுங்கள். ரிடுக்சிமாப் எதிர்ப்புச் செல்களில் ஒருவகையை அழிக்கும் ஊசி. எச்பிஎஸ்ஏஜி, ஆன்டி-எச்பிசி (பி வைரஸ் எப்போதாவது தொற்றியதைக் காட்டும் எதிர்ப்புப் புரதம்) இரண்டும் முதல் ஊசிக்கு முன்பே பார்க்க வேண்டும். எச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ் ஆனாலும் ஆன்டி-எச்பிசி பாசிட்டிவ் என்றால் உறங்கும் வைரஸ் எழக்கூடும். அது எழாமல் தடுக்கும் மாத்திரையை, ரிடுக்சிமாப் முடிந்தபின்னும் ஓராண்டுக்குக் குறையாமல் தொடர வேண்டும்.

கர்ப்பமாக இருக்கிறேன், எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ். குழந்தைக்கு என்ன செய்வது?

தடுக்காவிட்டால், பிறக்கும்போது தொற்றிய குழந்தைகளில் சுமார் 90 சதவீதத்தினருக்கு அது நாள்பட்டதாகிவிடும். பெரியவர்களில் இது 5 சதவீதத்துக்கும் குறைவு. வைரல் லோடு ஒரு மில்லிலிட்டருக்கு 2 லட்சம் யூனிட்டுக்கு மேல் இருந்தால் 28ஆம் வாரத்தை ஒட்டி உங்களுக்கு டெனோஃபோவிர் தொடங்குவார்கள். குழந்தைக்குப் பிறந்த 12 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் (வைரஸை எதிர்க்கும் தயார்நிலைப் புரத ஊசி) வேறுவேறு தொடையில் போட வேண்டும். பிறகு 6, 10, 14ஆம் வாரங்களில் பென்டாவேலன்ட் (பி வைரஸ் உட்பட ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி). தாய்ப்பால் தரலாம். 9 முதல் 12 மாதத்துக்குள் எச்பிஎஸ்ஏஜி, ஆன்டி-எச்பிஎஸ் (தடுப்பூசியால் உண்டாகும் எதிர்ப்புப் புரதம்) இரண்டும் பாருங்கள். முதலாவது நெகட்டிவாகவும் இரண்டாவது 10க்கு மேலும் இருந்தால் குழந்தைக்குப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது.